நான்ட்ரோலோன்: சத்து ஊசி அன்று, இயக்குநீர் மருந்து



குன்றாண்டார்கோவில் ஒன்றியத்துச் சிற்றூர்களிலிருந்தும் கீரனூர்ப் பகுதியிலிருந்தும் வரும் முதியோர் பலர், "உடம்பில் தெம்பே இல்லை, ஒரு சத்து ஊசி போட்டு அனுப்புங்கள்" என்று கேட்பதுண்டு. அவர்கள் கூறும் களைப்பு மெய்யானது. அதைத் தீர்க்க வேண்டும் என்னும் விருப்பமும் நியாயமானது. ஆனால் "சத்து ஊசி" என்னும் பெயரில் மருந்து நூல்களில் எந்த மருந்தும் இல்லை. அப்பெயர் ஓரிடத்தில் பி-12 வைட்டமினைக் குறிக்கும்; மற்றோரிடத்தில் இரும்புச் சத்தைக் குறிக்கும்; வேறோரிடத்தில் குளுக்கோஸ் ஏற்றுவதைக் குறிக்கும். சில வேளைகளில் அது நான்ட்ரோலோன் டெக்கனோயேட் என்னும் எண்ணெய் ஊசியையும் குறிக்கும். முதல் மூன்றும் உடலுக்கு உணவாகவோ உணவின் கூறாகவோ அமைபவை. நான்காவது அத்தகையதன்று. அது செயற்கையாக உருவாக்கப்பட்ட ஆண் இயக்குநீர், அதாவது ஹார்மோன். அதற்கு உரிய இடம் மருத்துவத்தில் உண்டு. அந்த இடம் மிகக் குறுகியது.

இந்த இதழின் பாடத்தில் மூன்று செய்திகளை விளக்க விரும்புகிறோம். ஸ்டீராய்டு என்னும் ஒரே சொல்லால் அழைக்கப்படும் இரு வேறு மருந்துக் குடும்பங்கள் எவை என்பது முதலாவது. நான்ட்ரோலோனும் அதன் உறவு மருந்துகளும் யாருக்கு உதவும், யாருக்குத் தீங்கு செய்யும் என்பது இரண்டாவது. ஊசி போட்டுக்கொள்ளும் முன் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் எவை என்பது மூன்றாவது.

1. ஒரே சொல், இரு குடும்பங்கள்

"ஸ்டீராய்டு" என்பது வேதியியல் பெயர். நான்கு கரிம வளையங்கள் ஒன்றோடொன்று இணைந்த ஓர் எலும்புக்கூட்டைக் கொண்ட பொருள்கள் அனைத்தும் இப்பெயரைப் பெறும். நம் உடலே பல ஸ்டீராய்டுகளை உருவாக்குகிறது. மருந்தாகப் பயன்படுபவற்றில் இரண்டு குடும்பங்களை நாம் வேறுபடுத்தி அறிதல் வேண்டும்.

முதற்குடும்பம் அழற்சியைத் தணிப்பது. பிரெட்னிசோலோன், டெக்சாமெத்தசோன், ஹைட்ரோகார்ட்டிசோன் ஆகியவை இதனைச் சேர்ந்தவை. ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்தாகவும், சிறுநீரக நோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் மாத்திரையாகவும், தோல் நோய்க்குக் களிம்பாகவும் இவை தரப்படுகின்றன. இவை தசையை வளர்ப்பவை அல்ல. நீண்ட நாள் மிகுந்த அளவில் உட்கொண்டால் தசையையும் எலும்பையும் மெலியச் செய்பவை.

இரண்டாங்குடும்பம் திசுக்களை வளர்ப்பது. நான்ட்ரோலோன், ஸ்டானசோலோல், ஆக்சிமெத்தலோன், ஆக்சாண்ட்ரோலோன் ஆகியவை இதனைச் சேர்ந்தவை. இவையனைத்தும் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் இயக்குநீரை மாற்றியமைத்துப் பெறப்பட்டவை. இவற்றையே அனபாலிக் ஸ்டீராய்டுகள் என்கிறோம். டனசோல் என்னும் மருந்தும் இவற்றுக்கு நெருங்கிய உறவினது.

இவ்வேறுபாட்டை அறியாமையால் நேரும் இடர் ஒன்று உண்டு. உடற்பயிற்சிக் கூடத்தில் ஸ்டீராய்டு ஊசியால் ஓர் இளைஞர் உயிருக்குப் போராடுகிறார் என்னும் செய்தியைக் கேட்ட குடும்பத்தினர், வீட்டில் பாட்டி உட்கொண்டுவரும் பிரெட்னிசோலோன் மாத்திரையை அன்றே நிறுத்திவிடக்கூடும். இது பேரிடர். பல வாரங்கள் பிரெட்னிசோலோன் உட்கொண்டவரின் அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கும். மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் வீழ்ந்து, வாந்தியும் மயக்கமும் ஏற்பட்டு, உயிருக்கே ஊறு நேரலாம். எனவே மருத்துவர் எழுதித் தந்த ஸ்டீராய்டை அவரைக் கேளாமல் நிறுத்தலாகாது. எழுதித் தராத ஸ்டீராய்டைத் தாமாகத் தொடங்கவும் ஆகாது.

2. நான்ட்ரோலோன் பிறந்த வரலாறு

1935-ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரத்து ஆய்வாளர்கள் டெஸ்டோஸ்டிரோனை விலங்கின் விதைப்பையிலிருந்து பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் பூட்டெனான்ட், ருசிச்கா என்னும் இரு வேதியியலார் தனித்தனியே அதனைச் செயற்கையாக உருவாக்கினர். 1939-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு இவ்விருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

டெஸ்டோஸ்டிரோன் உடலில் இரு வகைப் பணிகளைச் செய்கிறது. தசை, எலும்பு, சிவப்பணு ஆகியவற்றை வளர்ப்பது ஒன்று. தாடி மீசை, கட்டைக்குரல் முதலிய ஆண் தன்மைகளைத் தோற்றுவிப்பது மற்றொன்று. முதற்பணியை வைத்துக்கொண்டு இரண்டாம் பணியை நீக்கிவிட்டால், நோயால் மெலிந்த பெண்களுக்கும் முதியோர்க்கும் பயன்படும் மருந்து கிடைக்கும் அன்றோ? இந்த எண்ணமே அனபாலிக் ஸ்டீராய்டுகளைத் தோற்றுவித்தது. டெஸ்டோஸ்டிரோன் மூலக்கூற்றிலிருந்து 19-ஆம் கரிம அணுவை நீக்கிப் பெறப்பட்டதே நான்ட்ரோலோன். 1950-களின் இறுதியிலும் 1960-களின் தொடக்கத்திலும் நெதர்லாந்தின் ஆர்கனான் நிறுவனம் இதனை டுராபோலின், டெக்கா-டுராபோலின் என்னும் பெயர்களில் விற்பனைக்குக் கொணர்ந்தது. மருந்துக் கடைகளில் இன்றும் பலர் இதனை "டெக்கா" என்றே அழைக்கின்றனர்.

ஆயினும் வேதியியலார் எண்ணியது முழுமையாக நிறைவேறவில்லை. நான்ட்ரோலோனில் ஆண் தன்மை தோற்றுவிக்கும் ஆற்றல் குறைந்ததே தவிர, நீங்கவில்லை. தசையை வளர்க்கும் பணியை மட்டும் செய்து, வேறெதையும் செய்யாத அனபாலிக் ஸ்டீராய்டு இன்றுவரை உருவாக்கப்படவில்லை. இம்மருந்தின் நன்மையும் தீமையும் உடலிலுள்ள ஒரே வகை ஏற்பியின் வழியாகவே நிகழ்கின்றன என்பதே காரணம்.

இதனை ஏன் எண்ணெயில் கரைத்துத் தசையில் செலுத்துகிறார்கள் என்றும் கேட்கலாம். டெக்கனோயேட் என்னும் கொழுப்பு அமிலக் கூறு சேர்க்கப்பட்டிருப்பதால், மருந்து தசையில் தங்கிச் சிறிது சிறிதாக இரத்தத்தில் கலக்கிறது. ஓர் ஊசியின் செயல் ஏறத்தாழ 3 வாரம் வரை நீடிக்கும். இதில் வசதியும் உண்டு, இடரும் உண்டு. தீய விளைவு தோன்றினால் மாத்திரையை நிறுத்துவதுபோல இதனை உடனே நிறுத்த இயலாது. போட்ட ஊசி தன் காலம் முடியும் வரை வேலை செய்தே தீரும்.

மற்றொரு செய்தி நம் வட்டாரத்தார்க்கு உரியது. இவ்வூசியின் பல தயாரிப்புகளில் கரைப்பானாகப் பயன்படுவது நிலக்கடலை எண்ணெய். கடலை உண்டால் தடிப்போ மூச்சுத்திணறலோ ஏற்படும் இயல்புடையவர்கள், ஊசிக்கு முன்பே அதனைச் செவிலியரிடம் கூறிவிட வேண்டும்.

3. மருத்துவத்தில் இதற்கு உரிய இடம்

இரத்த உற்பத்தி நின்றுபோகும் நோய். எலும்பு மஜ்ஜை இரத்த அணுக்களை உருவாக்குவதை ஏறக்குறைய நிறுத்திவிடும் கொடிய நோய் ஒன்று உண்டு. அதற்கு ஏபிளாஸ்டிக் அனீமியா என்று பெயர். சாதாரண இரத்தசோகையைப் போல இரும்புச் சத்தால் இது தீராது. 1959-இல் பாஸ்டன் நகர மருத்துவர்கள் ஷாகிடி, டைமண்ட் இருவரும் இந்நோயுற்ற குழந்தைகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் அளித்துப் பயன் கண்டதை வெளியிட்டனர். அன்று முதல் இக்குடும்பத்து மருந்துகள் இந்நோய்க்குப் பயன்பட்டு வருகின்றன.

இன்று முதன்மைச் சிகிச்சைகள் வேறு. ஒத்த உடன்பிறப்பு இருந்தால் எலும்பு மஜ்ஜை மாற்றம் செய்யப்படும். இல்லையேல் நோயெதிர்ப்பைத் தணிக்கும் மருந்துகள் தரப்படும். நம் மாநிலத்தில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி 1986 முதல் எலும்பு மஜ்ஜை மாற்றச் சிகிச்சை செய்து வருகிறது. இச்சிகிச்சைகள் இயலாதபோதோ, பயன் தராதபோதோ, ஸ்டானசோலோல், டனசோல் போன்ற மருந்துகள் தரப்படுகின்றன. குரோமோசோம் முனைகள் பிறப்பிலேயே குறுகியிருப்பதால் மஜ்ஜை தளரும் நோயாளிகளுக்கு டனசோல் பயனளித்ததை, 2016-இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவன ஆய்வாளர்கள் வெளியிட்டனர். எனவே இம்மருந்துகள் பழையவை ஆயினும் பயனற்றவை அல்ல.

இந்நோய்க்கு இம்மருந்தைப் பெறும் குடும்பத்தினர் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். பயன் தெரிய 3 முதல் 6 மாதம் ஆகலாம். ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் உயரவில்லையே என்று மனம் தளர்ந்து நிறுத்திவிடக்கூடாது. அதே வேளையில், அம்மாதங்களில் கல்லீரல் சோதனையைத் தவறவிடவும் கூடாது.

சிறுநீரக நோயாளியின் இரத்தசோகை. சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் என்னும் இயக்குநீரைச் சிறுநீரகமே சுரக்கிறது. சிறுநீரகம் பழுதடைந்தால் இரத்தமும் குறையும். ஒரு காலத்தில் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அடிக்கடி இரத்தம் ஏற்றுவதும் நான்ட்ரோலோன் ஊசி போடுவதுமே வழியாக இருந்தன. செயற்கை எரித்ரோபொயட்டின் 1989-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றபின் நிலைமை மாறியது. எரித்ரோபொயட்டினுடன் துணை மருந்தாக ஆண் இயக்குநீர் சேர்க்க வேண்டாம் என்று 2012-ஆம் ஆண்டின் பன்னாட்டுச் சிறுநீரக நெறிமுறை பரிந்துரைக்கிறது. ஆகவே டயாலிசிஸ் செய்துகொள்வோர்க்கு யாரேனும் நான்ட்ரோலோன் ஊசியை எழுதித் தந்தால், "இரும்புச் சத்தின் அளவு பார்க்கப்பட்டதா? எரித்ரோபொயட்டின் தர இயலாதா?" என்று சிறுநீரக மருத்துவரிடம் பணிவுடன் கேட்கலாம்.

எலும்புத் தேய்மானம். மாதவிடாய் நின்ற பெண்களின் எலும்பு வலுவிழப்புக்கு 3 வாரத்துக்கு ஒருமுறை 50 மில்லிகிராம் நான்ட்ரோலோன் செலுத்தும் முறை இருந்தது. இன்று அலெண்ட்ரோனேட், சொலெட்ரோனிக் அமிலம் போன்ற மருந்துகள், எலும்பு முறிவைத் தடுப்பதில் உறுதியான சான்றுடன் உள்ளன. கால்சியம், வைட்டமின் டி, நடைப்பயிற்சி ஆகியவையும் சேரும்போது, பெரும்பாலான பாட்டிமார்க்கு நான்ட்ரோலோன் தேவைப்படுவதில்லை. முழங்கால் தேய்மான வலிக்கு இது மருந்தே அன்று. எலும்பு வலுவிழப்பு வேறு, மூட்டுத் தேய்மானம் வேறு என்பதை இங்கு நினைவிற்கொள்க.

நோயால் உடல் மெலிதல். தீக்காயம், நீண்டகாலத் தொற்று, எச்.ஐ.வி. ஆகியவற்றால் தசை கரைந்தவர்களுக்கு இக்குடும்பத்து மருந்துகள் உலகெங்கும் தரப்பட்டன. பெருந்தீக்காய நோயாளிகளுக்கு ஆக்சாண்ட்ரோலோன் பல நாடுகளில் பயன்பட்டது. அதன் ஒப்புதலை அமெரிக்க மருந்துத் துறை 2023-இல் விலக்கிக்கொண்டது. எச்.ஐ.வி. தொற்றைப் பொறுத்தவரை நம் மாநிலத்து அனுபவமே நல்ல பாடம். இந்தியாவில் இத்தொற்று முதன்முதலில் 1986-இல் சென்னையில் கண்டறியப்பட்டது. தொடக்க ஆண்டுகளில் நோயாளிகள் எலும்பும் தோலுமாக மெலிந்து மாண்டனர். 2004 ஏப்ரலில் தாம்பரம் அரசு மருத்துவமனை உள்ளிட்ட இடங்களில் கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாகத் தொடங்கியபின், மருந்தைத் தவறாமல் உட்கொண்டவர்களின் எடை மீண்டது. எடையை மீட்டது தசை வளர்க்கும் ஊசியன்று. மெலிவுக்குக் காரணமான கிருமியை அடக்கிய மருந்தே.

4. மெலிவுக்குக் காரணம் தேடுவதே முதற்சிகிச்சை

இப்பாடத்தின் மையக் கருத்து இதுவே. எடை குறைவதும் தெம்பு குறைவதும் நோயல்ல, நோயின் அறிகுறிகள். காசநோய், நீரிழிவு, தைராய்டு மிகுதி, சிறுநீரகப் பழுது, புற்றுநோய், மனச்சோர்வு, பல் இல்லாமையால் உணவு குறைதல், குடிப்பழக்கம் ஆகியவற்றுள் எதுவும் காரணமாகலாம். காரணத்தைக் கண்டறியாமல் நான்ட்ரோலோன் செலுத்தினால், உடலில் நீர் தேங்குவதாலும் தசை சற்றே கூடுவதாலும் எடை ஏறும். முகத்தில் தெளிவும் தோன்றும். "ஊசி வேலை செய்கிறது" என்று குடும்பமே மகிழும். அதற்குள் நுரையீரலில் காசநோய் பரவிக்கொண்டிருக்கும். கிடைக்கவிருந்த சில மாதங்கள் கைநழுவிப்போகும்.

காசநோயாளிகளுக்குத் தெம்பு தருவது எது என்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று உண்டு. சென்னையிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்கேற்ற ஓர் ஆய்வு, ஜார்க்கண்ட் மாநிலத்து நோயாளிகளுக்கும் அவர்தம் குடும்பத்தினர்க்கும் அரிசி, பருப்பு முதலிய உணவுப்பொருள்களை மாதந்தோறும் வழங்கியது. 2023-இல் வெளியான அதன் முடிவுகளின்படி, கூடுதல் உணவு பெற்ற குடும்பத்தினரிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்தது. முதல் 2 மாதங்களில் எடை கூடிய நோயாளிகளிடையே இறப்பும் குறைந்து காணப்பட்டது. அரிசியும் பருப்பும் செய்த வேலை அது. அரசின் நிக்ஷய் போஷண் திட்டத்தின்கீழ் சிகிச்சையிலுள்ள காசநோயாளிக்கு 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய் உணவுக்காக வழங்கப்படுகிறது. பதிவு செய்யாதவர்கள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெறுக.

நம் ஊரில் விளையும் நிலக்கடலை, உளுந்து, பாசிப்பயறு, கேழ்வரகு ஆகியவற்றுடன் முட்டையோ மீனோ பாலோ நாள்தோறும் சேர்ந்தால், பெரும்பாலோர்க்குத் தேவையான புரதம் கிடைத்துவிடும். சிறுநீரக நோயாளிகள் மட்டும் புரதத்தின் அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். உண்ட புரதம் தசையாக வேண்டுமாயின் உடல் அசைய வேண்டும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்வதை நாளும் 10 முறை செய்வதுகூட முதியோர்க்கு நல்ல பயிற்சியே.

5. தீய விளைவுகள் யாரை எவ்வாறு தாக்கும்?

பெண்கள்: குரல் கரகரப்பதே முதல் எச்சரிக்கை. சளிப்பிடித்ததுபோல் தோன்றும், சளி இராது. இந்நிலையில் மருந்தை நிறுத்தாவிடின் குரல் கட்டைக்குரலாகி, மருந்தை விட்டபின்னும் பழைய நிலைக்குத் திரும்பாமற்போகலாம். முகத்தில் முடி வளர்தல், பரு, மாதவிடாய் தவறுதல் ஆகியனவும் ஏற்படும். கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மாரும் இதனை அறவே தவிர்த்தல் வேண்டும். பெண் கருவின் பிறப்புறுப்பு வளர்ச்சியை இது மாற்றிவிடும்.

ஆண்கள்: வெளியிலிருந்து இயக்குநீர் வருவதை உணர்ந்த மூளை, விதைப்பைக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும். விதைப்பை சுருங்கும், விந்தணு குறையும், குழந்தைப்பேறு தடைப்படும். புரோஸ்டேட் புற்றுநோய் உடையவர்க்கும் மார்பகப் புற்றுநோய் உடைய ஆண்களுக்கும் இம்மருந்து ஆகாது.

சிறுவர்கள்: நீண்ட எலும்புகளின் முனையிலுள்ள வளர்ச்சித் தட்டு காலத்துக்கு முன்பே மூடிக்கொள்ளும். முதலில் உயரம் விரைந்து கூடுவதுபோல் தோன்றி, பின் வளர்ச்சி நின்றுபோகும். "பிள்ளை வளரவில்லை, பசிக்கவில்லை" என்பதற்காக இம்மருந்தைத் தருவது அப்பிள்ளையின் உயரத்தையே பறிப்பதாகும்.

அனைவர்க்கும்: உடலில் உப்பும் நீரும் தேங்கும், இரத்த அழுத்தம் ஏறும், நல்ல கொழுப்பு குறையும், இதயம் நலிந்தவர்க்குக் கால் வீக்கமும் மூச்சுத்திணறலும் வரலாம். ஸ்டானசோலோல், ஆக்சிமெத்தலோன், டனசோல் ஆகிய வாய்வழி மருந்துகள் கல்லீரலைக் கூடுதலாகத் தாக்கும். மஞ்சள் காமாலையும், அரிதாகக் கல்லீரற்கட்டியும், கல்லீரலினுள் இரத்தப் பைகளும் தோன்றலாம்.

பிற மருந்துகளோடு: இதய வால்வு சிகிச்சைக்குப் பின் வார்ஃபரின் உட்கொள்வோர்க்கு அதன் செயல் மிகுந்து இரத்தக்கசிவு ஏற்படலாம். இன்சுலினோ நீரிழிவு மாத்திரையோ பயன்படுத்துவோர்க்குச் சர்க்கரை எதிர்பாராமல் தாழலாம். இவ்விரு வகையினரும் தம் மருந்துச் சீட்டு முழுவதையும் மருத்துவரிடம் காட்டாமல் இவ்வூசியை ஏற்கலாகாது.

6. இளைஞர்களுக்கும் அவர்தம் பெற்றோர்க்கும்

காவலர் தேர்வுக்கும் படைத் தேர்வுக்கும் ஆயத்தமாவோர், கபடி ஆடுவோர், உடற்பயிற்சிக் கூடம் செல்வோர் ஆகியோர்க்குத் தசை வளர்ச்சியில் ஆர்வம் இருப்பது இயல்பே. அங்கு நண்பர்கள் வழியே வரும் ஊசிகளில் சீட்டில் எழுதிய மருந்துதான் உள்ளதா என்பதற்கு உறுதி ஏதுமில்லை. மருத்துவ அளவைப் போலப் பன்மடங்கு செலுத்துவதும், ஒரே ஊசியைப் பலர் பகிர்வதும் அங்கே நிகழ்கின்றன. மஞ்சள் காமாலைக் கிருமிகளும் எச்.ஐ.வி. கிருமியும் பரவ இதுவே போதும்.

நான்ட்ரோலோன் இந்திய மருந்து விதிகளின் எச் அட்டவணையில் உள்ளது. மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது. டெஸ்டோஸ்டிரோனை யோஹிம்பைன், ஸ்டிரிக்னின், வைட்டமின்கள் ஆகியவற்றோடு கலந்த ஆண்மை டானிக்குகளை 1983-இலேயே நடுவணரசு தடை செய்தது. சத்துமருந்து என்னும் போர்வையில் இயக்குநீரை விற்கும் வழக்கம் புதிதன்று என்பதை இது காட்டும்.

விளையாட்டு வீரர்க்கு இன்னோர் இழப்பும் உண்டு. நம் அண்டை மாவட்டமான திருச்சியைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து, 2019-இல் தோகாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். அவருடைய சிறுநீர் மாதிரியில் நான்ட்ரோலோனின் சிதைவுப்பொருள் காணப்பட்டதாக அறிவிக்கப்பட்டு, 2020-இல் 4 ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது; பதக்கமும் பறிபோனது. தடை செய்யப்பட்ட மருந்து எதையும் தாம் எடுத்ததில்லை என்று அவர் மறுத்தார். அதனுள் புகுந்து தீர்ப்புரைப்பது எங்கள் நோக்கமன்று. ஊக்கமருந்து விதிகளின்படி, உடலில் காணப்படும் பொருளுக்கு அவ்வீரரே பொறுப்பாளி என்பதையே அறிவுறுத்துகிறோம். இவ்வூசியின் தடயம் சிறுநீரில் பல மாதங்கள் நிற்கும். எனவே போட்டிகளில் கலந்துகொள்ளும் பிள்ளைகள், எந்த மருத்துவரிடம் சென்றாலும் "நான் விளையாட்டு வீரர்" என்பதை முதலில் கூற வேண்டும். நோய்க்கு அம்மருந்து இன்றியமையாததாயின், தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையிடம் மருத்துவத் தேவைக்கான விலக்கு கேட்க வழி உண்டு.

ஏற்கெனவே இம்மருந்தைப் பயன்படுத்தியவர்கள் அஞ்சி மறைக்க வேண்டாம். நிறுத்தியபின் சில மாதங்கள் சோர்வும் மனத்தளர்ச்சியும் வரக்கூடும். அப்போது தனித்திருந்து துன்புறுவதைவிட மருத்துவரிடம் வருவதே நன்று. பெற்றோரும் கடிந்துரையாமல் உடன் அழைத்து வருக.

7. ஊசிக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள்

1. இம்மருந்தின் பெயர் என்ன? சீட்டில் எழுதித் தருவீர்களா?
2. எந்த நோய்க்காக இது தரப்படுகிறது?
3. மொத்தம் எத்தனை ஊசிகள்? எத்தனை வாரங்களுக்கு ஒருமுறை?
4. பயன் கிடைத்ததை எந்தச் சோதனையால் அறிவோம்?
5. நான் உட்கொள்ளும் பிற மருந்துகளோடு இது சேருமா?
6. இதைவிடப் பாதுகாப்பான வேறு சிகிச்சை உண்டா?

விடை கூற மறுக்கப்படும் இடத்தில் ஊசியை மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. போட்ட பின் வெறுங்குப்பியின் மேலுள்ள பெயரைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்வதும் நல்ல பழக்கம்.

மருத்துவர் அறிவுரைப்படி இம்மருந்தைப் பெறுவோர், ஹீமோகுளோபின், கல்லீரல் செயல், கொழுப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் குறித்த காலத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். கண் மஞ்சளித்தல், வயிற்றின் வலப்பக்கத்தில் வலி, குரல் மாற்றம், கால் வீக்கம், நிற்காத இரத்தக்கசிவு ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றின் அடுத்த தவணைக்குக் காத்திராமல் உடனே வருக. மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ ஏற்படின் 108 ஊர்தியை அழைக்க.

8. கற்றதைச் சரிபார்ப்போம்

வினா: பாட்டி பிரெட்னிசோலோன் உட்கொள்கிறார். அது தசை வளர்க்கும் ஸ்டீராய்டா?
விடை: இல்லை. அழற்சி தணிப்பது. திடீரென நிறுத்தலாகாது.

வினா: தாத்தாவுக்கு 2 மாதத்தில் 6 கிலோ எடை குறைந்துள்ளது. சத்து ஊசி போடலாமா?
விடை: முதலில் சளி, சர்க்கரை, இரத்தச் சோதனைகளும் மார்பு ஊடுகதிர்ப் படமும் எடுத்துக் காரணம் காண வேண்டும்.

வினா: ஏபிளாஸ்டிக் அனீமியா உள்ள உறவினர்க்கு ஸ்டானசோலோல் தரப்படுகிறது. தீய மருந்தென்று நிறுத்திவிடலாமா?
விடை: கூடாது. அந்நோய்க்கு அது உரிய மருந்தே. சோதனைகளைத் தவறாமல் செய்து, ஐயங்களை மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

வினா: அயலார்க்குப் பயன்பட்ட ஊசிச் சீட்டை வைத்து நாமும் வாங்கலாமா?
விடை: கூடாது. நோய் வேறு, அளவு வேறு, உடலும் வேறு.

அடுத்த முறை எங்களிடம் வரும்போது, வீட்டிலுள்ள மருந்துச் சீட்டுகளையும் வெறும் மருந்துப் பட்டைகளையும் ஒரு பையில் இட்டுக் கொண்டுவருக. கடந்த ஓராண்டில் பெயர் தெரியாத ஊசி எதுவும் போடப்பட்டிருந்தால் அதனையும் தயங்காமல் கூறுக. அவற்றை உங்களுடன் அமர்ந்து பார்த்து விளக்குவது எங்கள் கடமை.